முதிர மறுக்கும் ரத்தச் செல்

எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. அத்தனைக்கும் மூலம், பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும் ரத்த ஸ்டெம் செல்கள். அவை பிரியும்போது ஒரு மகள் செல் ஸ்டெம் செல்லாகவே தங்கலாம், மற்றது ரத்த அணுவாக முதிரலாம். இரண்டிலும் டி.என்.ஏ. ஒன்றுதான். எந்த மரபணு திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. இந்தத் திறப்பும் பூட்டும் பிழைத்தால் செல்கள் முதிராமல் தேங்கி, லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு வழிவிடலாம்.

டி.என்.ஏ.வின் எழுத்துகளில் சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடங்களில் டிஎன்எம்டி3ஏ என்ற நொதி, சைட்டோசின்மேல் மீத்தைல் என்ற சிறு வேதிக் குறியை ஒட்டுகிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் குறிகள் நெருக்கமாக விழுந்தால் அந்த மரபணு அடங்கிவிடும். செல் பிரியும்போது டிஎன்எம்டி1 என்ற இன்னொரு நொதி, பழைய டி.என்.ஏ. இழையைப் பார்த்துப் புதிய இழையிலும் அதே குறிகளை இடுகிறது. குறியை நீக்கும் வேலையைத் தொடங்குவது டெட்2 என்ற நொதி. அதற்கு இரும்பும், செல்லில் உள்ள ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் என்ற சிறு மூலக்கூறும் தேவை.

டிஎன்எம்டி3ஏ பழுதானால், ஸ்டெம் செல்லாக நீடிக்கவைக்கும் மரபணுக்கள் சரியாக மூடப்படுவதில்லை. எலிகளில் அந்த நொதியை நீக்கியபோது ஸ்டெம் செல்கள் பெருகின, முதிர்வது குறைந்தது. டெட்2 கெட்டால் முதிர்ச்சிக்கான மரபணுக்கள் திறப்பதில்லை. குறி வைப்பது கெட்டாலும் எடுப்பது கெட்டாலும் முடிவு ஒன்றே என்பது முதலில் முரணாகத்தான் தோன்றும். ஆனால் முதிர்வதற்குப் பழையதை மூடவும் வேண்டும், புதியதைத் திறக்கவும் வேண்டும்.

டெட்2 நலமாக இருந்தும் முடங்கிப்போகும் வழி ஒன்றுண்டு. ஐடிஎச்1 நொதியின் 132ஆம் இடத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மாறினால், அது ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டை 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டாக மாற்றத் தொடங்கும். இரண்டின் வடிவமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் இந்தப் போலி, டெட்2வின் இருக்கையில் அமர்ந்து அதை அடைத்துக்கொள்கிறது.

இத்தகைய ஒரு மாற்றம் மட்டும் லுக்கேமியா ஆகிவிடாது. 70 வயது கடந்தவர்களில் 10 பேரில் ஒருவருக்காவது இப்படி மாறிய ஸ்டெம் செல் ஒன்றின் வாரிசுகள் ரத்தத்தில் இருக்கும், அணுக்களின் எண்ணிக்கையோ இயல்பாகவே இருக்கும். இவர்களில் ரத்தப் புற்றுநோய் வருவது ஆண்டுக்கு 0.5 முதல் 1 சதவீதம் பேருக்குத்தான். எஃப்எல்டி3 போன்ற, வளர்ச்சியை முடுக்கும் மரபணுவிலும் பிழை சேரும்போது நிலைமை மாறுகிறது.

குறிகளை அழிக்க முடியும் என்பதில்தான் சிகிச்சைக்கு வழி பிறக்கிறது. அசாசிட்டிடின் என்ற மருந்து வழக்கமாக ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 75 மி.கி. வீதம் 7 நாள், 28 நாளுக்கு ஒரு சுற்றாகத் தரப்படுகிறது. அது சைட்டோசினின் இடத்தில் புதிய இழைக்குள் நுழைந்து, குறியிட வரும் டிஎன்எம்டி1ஐப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இழை நகலாகும்போது மட்டுமே இது நடக்கும். உறங்கும் செல்கள் தப்பிவிடும். பலன் தெரிய 4 முதல் 6 சுற்றுகள் ஆகலாம். இரண்டாம் சுற்றிலேயே பலனில்லை என்று நிறுத்துவது பெரும்பாலும் அவசர முடிவு.

ஐடிஎச்சைத் தடுக்கும் மாத்திரைகள் போலியின் உற்பத்தியை நிறுத்த, தேங்கி நின்ற செல்கள் முதிரத் தொடங்கும். சிலருக்கு அவை ஒரேயடியாக முதிர்வதால் காய்ச்சல், மூச்சுத்திணறல், நுரையீரலைச் சுற்றி நீர் சேர்தல் ஆகியவை வரலாம். கிருமித்தொற்று என்று எளிதில் எண்ணிவிடக்கூடிய அறிகுறிகள் இவை. உடனே ஸ்டீராய்டு தொடங்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.