கோழி உண்ணி குடியிருப்பது சுவரில்

அணைக்கட்டு, குடியாத்தம், ஆரணி பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பகலில் கோழியைப் பிடித்துச் சிறகைப் புரட்டிப் பார்ப்பார்கள். பேன் தெரியும், செல்லு தெரியும். வளர்ந்த உண்ணி கண்ணில் படாது. அதே கூட்டுக்கு இரவு பதினொரு மணிக்கு டார்ச்சோடு போய், கோழி அடையும் கொம்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் கதை வேறு. தட்டையான பழுப்புப் பூச்சிகள் கொம்பு வழியாக ஊர்ந்துகொண்டிருக்கும். சில, ரத்தம் குடித்து ஊதி, கருநீலமாகித் திரும்பிக்கொண்டிருக்கும்.

இது மென்னுண்ணி. அறிவியல் பெயர் ஆர்காஸ் பெர்சிகஸ். (ஆற்காட்டுக்கும் இந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.) மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் நாட்கணக்கில் ஒட்டிக்கிடப்பது வன்னுண்ணி. அதன் முதுகில் கெட்டியான கேடயத்தகடு உண்டு. மென்னுண்ணிக்கு அது கிடையாது. தோல் சுருக்கம் விழுந்த பழைய தோல்பையைப் போல இருக்கும். வாயுறுப்பு வயிற்றுப் பக்கம் மறைந்திருப்பதால் மேலிருந்து பார்த்தால் தலையே இல்லாததுபோலத் தோன்றும். ஆர்காஸ் பெர்சிகஸுக்குக் கண்ணும் இல்லை. உடலைச் சுற்றி ஓரத்தில் தையல் போட்டதுபோல ஒரு கோடு ஓடும். வயிறு நிறைந்து உப்பினாலும் அந்தக் கோடு மறையாது. இனம் காண அதுதான் நல்ல அடையாளம்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு உண்ணிக்கு ஆறு கால். அது மட்டும்தான் கோழியின் மேல் தங்கும்; சிறகடியில் 5 முதல் 10 நாள் வரை ஒட்டியிருந்து, கருஞ்சிவப்பு விதைபோல உப்பி, பிறகு உதிர்ந்துவிடும். தோலுரித்ததும் எட்டுக் கால் வந்துவிடும். அதற்குப்பின் ஒவ்வொரு சாப்பாடும் இரவில்தான், பெரும்பாலும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர் அல்லவா? அதைச் சுமந்துகொண்டு சுவர் ஏற முடியாது. முன்கால்களின் அடியில் உள்ள சுரப்பி வழியாக நீரையும் உப்பையும் வெளியேற்றிவிட்டு, சத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். பெண் உண்ணி ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 25 முதல் 100 முட்டை வரை, பகலில் தான் ஒளிந்திருக்கும் சுவர் வெடிப்புக்குள் இடும். வன்னுண்ணி ஒரே தடவை ஆயிரக்கணக்கில் இட்டுவிட்டுச் செத்துப்போகும். இது கொஞ்சம் கொஞ்சமாக இட்டு நெடுநாள் வாழும். இரை கிடைக்காவிட்டால் வளர்ந்த உண்ணி இரண்டு வருடத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும்.

ஆராய்ச்சிக்காக ஆய்வுக்கூடத்தில் இதை வளர்ப்பதென்றால் அந்த வெடிப்பைக் கண்ணாடிக்குழாய்க்குள் உண்டாக்க வேண்டும். குழாயில் மடித்த வடிதாள் ஒன்று, வாயில் நெருக்கமான துணி. உண்ணி தாளின் மடிப்புக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும். வெப்பம் 27 முதல் 28 டிகிரி, இருட்டு, ஈரப்பதம் 75 முதல் 85 சதம். வேலூர்ச் சித்திரை வெயிலில் அறை வெப்பத்தை நம்ப முடியாது, இன்குபேட்டர் வேண்டும். ஈரப்பதத்துக்கு எளிய வழி உப்பு. மூடிய ஜாடியின் அடியில் பூரிதக் கரைசல் வைத்தால், சோடியம் குளோரைடு ஏறக்குறைய 75 சதமும் பொட்டாசியம் குளோரைடு ஏறக்குறைய 84 சதமும் காக்கும். கரையாத உப்பு அடியில் எப்போதும் கிடக்க வேண்டும். அது தீர்ந்துவிட்டால் கரைசல் பூரிதமாக இல்லை, கணக்கும் தப்பிவிடும். சமையல் கல்லுப்பைப் போட்டு மிச்சம்பிடிக்கப் பார்ப்பது வீண் வேலை. அதில் கலந்திருக்கும் மெக்னீசிய உப்பு ஈரப்பதத்தைக் கீழே இழுத்துவிடும். 90 சதத்தைத் தாண்டினாலோ பூஞ்சை பிடித்து முட்டை கெடும்.

பெரிய தலைவலி சாப்பாடு. குஞ்சு உண்ணி நாட்கணக்கில் ஒட்ட வேண்டியிருப்பதால் உயிருள்ள கோழிக்குஞ்சு தேவை. அதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். கூண்டின் அடித்தட்டைச் சுற்றித் தண்ணீர் அகழி வைத்தால் உதிர்பவை தப்பாது. பெரியவற்றுக்குச் செயற்கை முறை போதும். உறையாமலிருக்க ஹெப்பாரின் கலந்த ரத்தத்தை 37 முதல் 39 டிகிரியில் வைத்து, இழுத்து மெல்லிதாக்கிய பாராஃபிலிம் என்ற மெழுகுச் சவ்வு வழியாகக் குடிக்கவிடலாம். சவ்வு தடித்தால் சின்ன உண்ணியின் வாய் எட்டாது. மெலிந்தால் கிழிந்து உண்ணி ரத்தத்தில் மூழ்கும். குடித்து முடித்ததும் குழாயில் அடைத்துவிடக் கூடாது. சுரப்பி விடும் நீரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாகும். சில மணி நேரம் வடிதாளில் விட்டு, நனைந்த தாளை மாற்றிய பிறகே அடைக்கலாம்.

ரத்தம் கெடாமலிருக்க ஆன்டிபயாட்டிக் சேர்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. ரத்தத்தில் பி வைட்டமின்கள் குறைவு. ஆப்பிரிக்காவின் ஓர்னிதோடோரஸ் மொபாட்டா உண்ணியில் அவற்றைச் செய்துதருவது உள்ளே வாழும் ஒரு பாக்டீரியா. மருந்தால் அதைக் கொன்றால் உண்ணியின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. வைட்டமினைக் கலந்து கொடுத்தால் மீள்கிறது.

எல்லா மென்னுண்ணியும் ஒரே மாதிரி என்று எண்ணி வளர்க்கத் தொடங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். மொபாட்டாவின் குஞ்சு உண்ணி எதையும் குடிக்காமலே தோலுரித்துவிடும், ஆகவே அதைச் சவ்விலேயே தலைமுறை தலைமுறையாக வளர்க்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை வறண்ட நிலங்களில் பரவியுள்ள ஓர்னிதோடோரஸ் சவிக்னி சுவரை நாடாது. கால்நடை நிழலுக்கு ஒதுங்கும் மரத்தடி மணலில் புதைந்து கிடந்து, மூச்சுக்காற்றின் கரியமில வாயுவை மோப்பம் பிடித்து மேலே வரும். இதற்கு இரண்டு ஜோடிக் கண் உண்டு. இந்தியாவின் வடமேற்கில் லாகூரின் பெயரைத் தாங்கிய ஓர்னிதோடோரஸ் லாஹோரென்சிஸ் ஆட்டுப்பட்டிகளில் வாழ்கிறது. ஓட்டோபியஸ் மெக்னினி இன்னும் விசித்திரம்: குதிரை, மாடு, ஆடுகளின் காதுக்குள் இளம் பருவத்தைக் கழித்து வெளியே வந்தபின், வளர்ந்த உண்ணி வாழ்நாளில் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. குகைகளில் வௌவாலை அண்டி வாழ்பவை தனி. உலகில் மொத்தம் 200க்கு மேற்பட்ட இனங்கள்.

நம் கூட்டுக்குத் திரும்புவோம். கோழிக்கு மருந்து தெளித்தால் சிறகடியிலுள்ள குஞ்சு உண்ணிதான் சாகும். மற்றவை மண்சுவர் வெடிப்பிலும் கொம்பின் பட்டைக்குள்ளும் இருக்கின்றன. கொம்பின் பட்டையை உரித்துவிடுங்கள். கோழிகளை வெளியேற்றி, எரியக்கூடியதை அகற்றி, கல்சுவர் இடுக்குகளில் கேஸ் டார்ச் நெருப்பைக் காட்டுங்கள். பிறகு சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துப் பூசுங்கள். ஓலைக்கூரை என்றால் நெருப்பு வேண்டாம், கொதிநீர் போதும். அப்போது தப்பிய முட்டைகள் பொரிந்திருக்கும் என்பதால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் செய்ய வேண்டும். கொம்பைச் சுவரில் செருகாமல் கம்பியில் தொங்கவிட்டால் ஏறும் வழி குறையும்.

உண்ணி அதிகமுள்ள கூட்டில் கோழி காய்ச்சலோடு சோர்ந்து, பச்சையாகக் கழிந்து, கொண்டை கறுத்தால் உண்ணி பரப்பும் பொரீலியா அன்செரினா என்ற சுருள்கிருமியைச் சந்தேகிக்கலாம். பென்சிலின் கேட்கும். ரத்தப்பூச்சை (கண்ணாடித் தகட்டில் தேய்த்த ரத்தத்துளி) காய்ச்சலின் தொடக்கத்திலேயே எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். கடைசிக் கட்டத்தில் கிருமி ரத்தத்திலிருந்து மறைந்துவிடுவதால் பூச்சில் ஒன்றும் தெரியாது. செத்தவற்றைப் புதைத்துவிட்டு, கூட்டை ஒரு வருடம் காலியாகப் பூட்டிவைத்துப் புதுக்குஞ்சு வாங்கி விடுபவர்களும் உண்டு. ஒரு வருடம் என்பது அந்த உண்ணிக்குப் பெரிய காத்திருப்பு ஒன்றும் இல்லை. கிருமியும் அதன் உடலிலேயே இருக்கும், முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகும்.