ஐஸ் உருண்டையும் டாலஸ் மேம்பாலமும்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இருபத்தெட்டு வருடம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் வேலை பார்க்கிறான். போன குளிர்காலத்தில் ஒருநாள் விடியற்காலை, மேம்பாலத்தில் மகனின் கார் வழுக்கித் தடுப்புச் சுவரில் உரசி நின்றிருக்கிறது. ஆளுக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு மனம் ஆறவில்லை.

"பினாங்கில் பிறந்த பிள்ளை, பனியைக் கண்ணால் பார்க்காதவன், அவன் வழுக்கினான் என்றால் சரி ஐயா. அவனுக்கு முன்னால் போன காரும் அதே இடத்தில் சுற்றியதாம். அதை ஓட்டியவர் மினசோட்டாக்காரர், பனியிலேயே வளர்ந்தவர். 'எங்கள் ஊர் ஐஸ் இப்படி வழுக்காது' என்று அவரே சொன்னாராம். ஐஸ் எல்லா ஊரிலும் ஐஸ்தானே?"

மினசோட்டாக்காரர் சொன்னது உண்மை. கடுங்குளிர் ஊரின் ஐஸைவிட, எப்போதாவது குளிரும் ஊரின் ஐஸ் மோசமாக வழுக்கும். பழக்கமில்லாத ஓட்டுநர், பழக்கமில்லாத டயர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்கும். அங்கே உராய்வு எண், அதாவது டயர் சாலையைப் பிடிக்கும் அளவு, 0.7 அளவில் இருக்கும். ஐஸில் அது 0.1க்கு இறங்கிவிடும், அதே கார் நிற்க 140 மீட்டர் வேண்டும். இருபது மீட்டரில் நிற்கும் என்று கால் எதிர்பார்க்கும், கார் இன்னும் 120 மீட்டர் ஓடும். பள்ளிப்பாடம்தான் இது. ஐஸ் ஏன் வழுக்குகிறது என்பதுதான் பள்ளியில் சரியாகச் சொல்லித்தராத பாடம்.

நான் படித்த புத்தகத்தில் இப்படி இருந்தது: அழுத்தினால் ஐஸின் உருகுநிலை குறையும், சறுக்குபவரின் காலணிக் கத்தி அழுத்துவதால் அடியில் ஐஸ் உருகுகிறது, அந்தத் தண்ணீரில் வழுக்குகிறோம். பாதி உண்மை. அழுத்தினால் உருகுநிலை குறைவது நிஜம், 1850இல் சோதித்தே காட்டிவிட்டார்கள். எவ்வளவு குறையும்? ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 0.0075 பாகை செல்சியஸ், அவ்வளவுதான். பெட்ரோல் நிலையத்தில் நாம் 220 கிலோபாஸ்கல் என்று வைத்துக் காற்றடிக்கிறோமே, அது சுமார் இரண்டேகால் வளிமண்டலம். டயர் சாலையை அழுத்துவதும் கிட்டத்தட்ட அதே அளவில்தான். அப்படியென்றால் காருக்கு அடியில் உருகுநிலை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. மைனஸ் 3 பாகையில் இருக்கும் சாலையை இது எப்படி உருக்கும்?

சறுக்குபவருக்கே இது போதாது. சன்வே பிரமிட் சறுக்கு அரங்கில் பயிற்சி செய்து, 2018 குளிர்கால ஒலிம்பிக் வரை போன நம் நாட்டு ஜூலியன் யீயை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கத்தியில் அவருடைய முழு எடையும் இறங்கினாலும் உருகுநிலை அரை பாகை அளவுதான் குறையும். அரங்கின் ஐஸோ அதைவிடப் பல பாகை கீழே குளிர்ந்திருக்கும்.

1939இல் பௌடன், ஹியூஸ் என்ற இருவர் வேறு விடை தந்தார்கள். சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் மலையில் ஐஸ் குகைக்குள் உட்கார்ந்து சோதனை செய்து, தேய்ப்பதால் வரும் சூடுதான் ஐஸை உருக்குகிறது என்றார்கள். ஓடும்போது இது பொருந்தும். ஆனால் வாசற்படியில் சும்மா நின்றுகொண்டிருப்பவரும் வழுக்கி விழுகிறாரே? அவர் எதையும் தேய்க்கவில்லையே?

சரியான நூலைப் பிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. அவர் பிடித்ததை நம்மில் பலர் கையாலேயே தொட்டிருக்கிறோம்.

கெடாவில் நான் படித்த தோட்டப் பள்ளி வாசலில் மாலையில் ஐஸ் உருண்டைக்காரர் வருவார். ஐஸ் கெப்பால் என்போம். இழைப்புளியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு பலகை, நடுவில் கத்தி. சாக்கில் சுற்றிய ஐஸ் பாளத்தை அதன்மேல் வைத்துத் தேய்ப்பார். அடியில் வெள்ளைத் துருவல் விழும். அதைக் கையில் அள்ளி, நடுவில் கொஞ்சம் சிவப்பு பீன்ஸ் வைத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு அழுத்து, ஒரு திருப்பு, இன்னொரு அழுத்து. துருவல் உருண்டையாகிவிடும். சிரப் ஊற்றிக் கையில் கொடுப்பார். வீடு போய்ச் சேரும்வரை உறிஞ்சலாம், உடையாது.

உதிரியாகக் கிடந்த துருவல் எதனால் ஒட்டியது? மணலை அப்படி அழுத்திப் பாருங்கள், கையைத் திறந்ததும் கொட்டிவிடும். சர்க்கரையும் அப்படித்தான். ஐஸ் மட்டும் ஒட்டுகிறது.

1850 ஜூன் மாதம் லண்டனில் ஓர் உரையில் ஃபாரடே இதைத்தான் கேட்டார். இரண்டு ஐஸ் துண்டுகளைத் தொட வைத்தால் அவை ஒட்டி ஒன்றாகிவிடுகின்றன, தண்ணீருக்குள் வைத்தாலும் ஒட்டுகின்றன. அவர் சொன்ன விளக்கம்: ஐஸின் மேற்பரப்பில் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. ஒரு பக்கம் ஐஸ், மறுபக்கம் காற்று என்று இருக்கும்வரை அது உறையாமல் இருக்கும். அதன்மேல் இன்னொரு ஐஸை வைத்தால் இரண்டு பக்கமும் ஐஸ் ஆகிவிடுகிறது, படலம் உறைந்து பசையாகிவிடுகிறது. ஜேம்ஸ் தாம்சன் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை, எல்லாம் அழுத்தத்தால் வருவது என்றார்கள். அழுத்தாமல் லேசாகத் தொட்டாலே ஒட்டுகிறது என்று ஃபாரடே மறுபடி சோதனை செய்து காட்டினார். அப்போதும் பெரும்பாலோர் கேட்கவில்லை. 1867இல் அவர் இறந்தார். அந்தப் படலத்தை எக்ஸ்-கதிர் கொண்டு பார்க்க இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது.

படலம் எப்படி வருகிறது? ஐஸுக்குள் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு மூலக்கூறுகளோடு கை கோத்திருக்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் கூட்டத்தின் நடுவே மாட்டியிருக்கிறீர்களா? நான்கு பக்கமும் ஆள் நெருக்கினால் அசைய முடியாது. கூட்டத்தின் ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு பக்கம் காலி. அவர் திரும்பலாம், தண்ணீர்ப் பந்தலுக்கு நகரலாம், மறுபடி வந்து சேரலாம். ஐஸின் மேல்வரிசை மூலக்கூறுக்கும் அதே நிலைதான். மேலே கைகொடுக்க ஆளில்லை. மூன்று பிணைப்பு, சிலவற்றுக்கு இரண்டே பிணைப்பு. உள்ளே எல்லாம் இறுகிக் கிடக்கும்போது மேலே இருப்பவை மட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. தண்ணீர் என்றும் முழுதாகச் சொல்ல முடியாது, ஐஸ் என்றும் சொல்ல முடியாது. கனம் சில நானோமீட்டர். தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு.

2018இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தினரும் மைன்ஸ் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினரும் சேர்ந்து இதை அளந்தார்கள். இரண்டே பிணைப்பில் நிற்கும் மூலக்கூறுகள் மேற்பரப்பில் உருண்டு திரிகின்றன. சிமெண்டுத் தரையில் பச்சைப்பயறு சிந்தி, அதன்மேல் கால் வைத்தது போலத்தான் அந்தப் பரப்பு. மைனஸ் 100 பாகைக்குக் கொண்டு போனால் பயறு தரையோடு ஒட்டிக்கொள்கிறது, ஐஸ் வழுக்குவதே இல்லை. குளிர் குறையக் குறையப் பயறு அதிகமாகிறது. எஃகுக் கோளத்தை வைத்து இழுத்த அந்தச் சோதனையில் மைனஸ் 7 பாகையில் உராய்வு மிகக் குறைவு. அதற்கு மேலே சூடேறினால் ஐஸே மெத்தென்றாகிவிட, கோளம் ஐஸுக்குள் உழத் தொடங்கி உராய்வு மறுபடி கூடுகிறது. வேகச் சறுக்குப் போட்டி அரங்குகளை மைனஸ் 7ஐ ஒட்டி வைப்பதற்குக் காரணம் இதுதான். வாய்பாடு யாரும் தரவில்லை, அரங்கை நடத்தியவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கோளம், கத்தி போலச் சின்ன இடத்தில் அழுத்துபவைதான் உழும். அகன்ற ரப்பர் டயர் உழாது. அதனால் பூஜ்யத்தை நெருங்க நெருங்க டயருக்கு நிலைமை மோசமாகிக்கொண்டே போகும். மூலக்கூறுப் படலத்தோடு, டயர் தேய்த்த சூட்டில் உருகிய நிஜத் தண்ணீரும் சேர்ந்துவிடும். மைனஸ் 18 பாகையில் நிற்கத் தேவைப்படும் தூரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பூஜ்யத்தில் தேவை. மினசோட்டாவில் ஜனவரி மாதம் மைனஸ் 15, மைனஸ் 20 சாதாரணம். டாலஸில் குளிர் வந்தால் மைனஸ் 1, மைனஸ் 3 என்று உருகுநிலையின் வாசலிலேயே நிற்கும். அந்த மனிதர் இருபது வருடம் ஓட்டிய ஐஸும் அன்று காலை அவர் ஓட்டிய ஐஸும் வேறு வேறு பரப்புகள்.

வந்த விதமும் வேறு. வடக்கில் பெரும்பாலும் பனித்தூளாக விழும். டெக்சஸில் உறைமழை அதிகம்: மேலே வெதுவெதுப்பான காற்றடுக்கில் மழையாகி, தரையை ஒட்டிய குளிர்ந்த அடுக்கில் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் துளியாகவே இறங்கி, எதைத் தொடுகிறதோ அதன்மேல் கண்ணாடியாகப் படியும். தாரின் கருமை அப்படியே தெரியும். கறுப்பு ஐஸ் என்று பெயர். நனைந்த சாலை என்றுதான் கண் நினைக்கும். தார்ச்சாலையின் சொரசொரப்புக்குள் ரப்பர் அமிழ்ந்து பிடிப்பதுதான் டயரின் பிடி. அந்தக் குழிகளை எல்லாம் இது நிரப்பிவிடுகிறது. 2021 பிப்ரவரி 11 அன்று டாலஸுக்குப் பக்கத்து ஃபோர்ட் வொர்த்தில் இப்படிப்பட்ட சாலையில் 130க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி ஆறு பேர் இறந்தார்கள். 2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் விழுந்த பனி ஐந்து சென்டிமீட்டர்தான். அலுவலகமும் பள்ளியும் ஒரே நேரத்தில் விட்டதில் சாலை நிரம்பி, உப்பு தூவும் வண்டிகளும் உள்ளே நுழைய முடியாமல் போயின. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளியிலேயே இரவைக் கழித்தார்கள்.

உப்பு என்ன செய்யும்? குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்புப் போடுவாரே, அதே வேலைதான்: நீரின் உறைநிலையைக் கீழே இறக்கும்.

டயரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, அதில் நம் பாட்டன்மார் கதை இருக்கிறது. சாதாரண டயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே போனாலே விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயருக்கு விறைக்காத ரப்பர் வேண்டும். பால்மரத்திலிருந்து வரும் இயற்கை ரப்பர் மைனஸ் 70 பாகைவரை கண்ணாடி போல் இறுகாது, அதனால் அந்த டயர்களில் அது முக்கியமான சேர்மானம். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியே விழாத காட்டில் பால்மரம் வெட்டியவர்களின் உழைப்பு, பனிச்சாலையில் காரைப் பிடித்து நிறுத்துகிறது. ஹொக்கைடோவுக்குச் சுற்றுலா போய் வாடகைக் கார் எடுக்கும் நம்மவர்கள் அந்த ஊர்க் குளிர்கால டயரைக் கையால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருக்கும், மேலெல்லாம் முடிபோல் மெல்லிய கீறல்கள். சில வகைகளில் ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்களும் இருக்கும். அந்தக் கீறலும் குமிழும் எதற்கு? நான் மேலே சொன்ன நீர்ப்படலத்தை உறிஞ்சி எடுத்து, ரப்பரை நேரே ஐஸில் பதிய வைக்கத்தான்.

மலாயாவில் 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கினார்கள். ஒரு மரத்தின் பாலுக்காக ஒரு கழகம்! அப்படிப் பொறுமையாகச் செலவழிக்கும் மனது இன்று குறைந்துவிட்டதே என்று எனக்கு வருத்தம் உண்டு. 'மூன்று வருடத்தில் என்ன பொருள் விற்பீர்கள்' என்று கேட்டுத்தான் பணம் தருகிறார்கள். இரண்டு ஐஸ் துண்டு ஏன் ஒட்டுகிறது என்று கேட்டவருக்கு இன்று மானியம் கிடைக்குமா? அந்தக் கேள்வி இன்னும் மூடவில்லை. 2025இல்கூட ஜெர்மனியின் சார்லாண்ட் பல்கலைக்கழகத்தினர், சூடும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம், உரசும் பரப்பின் மூலக்கூறுகளில் ஒரு முனை நேர், மறுமுனை எதிர் என்று இருக்கும் மின் இருமுனைகளே ஐஸின் மேலடுக்கைக் குலைத்துவிடுகின்றன என்று புது விளக்கம் வைத்திருக்கிறார்கள்.

வாசகர் இன்னொரு வரியும் எழுதியிருந்தார். மகனின் கார் எண் கூட்டுத்தொகை சரியில்லை, பரிகாரத்துக்கு 300 வெள்ளி ஆகும் என்று ஒருவர் சொன்னாராம், வீட்டில் அம்மா கேட்கிறாராம். ஐயா, அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. புதுக் கார் எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் வழக்கம் என் வீட்டிலும் உண்டு, அதில் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. எண்ணைச் சொல்லிப் பணம் பிடுங்குவது வேறு. அந்த 300 வெள்ளியை மகனின் குளிர்கால டயருக்கு அனுப்புங்கள்.

அவனிடம் இதையும் சொல்லுங்கள். டயரின் பிடி ஒரே சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு முழுதும் கொடுத்துவிட்டால் வளைவதற்கு மிச்சம் இருக்காது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளையும்போது பிரேக்கில் கால் போகக்கூடாது. பின்பக்கம் வழுக்கினால் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்கமே மெதுவாக ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி கிளம்ப உதவும், நிற்க உதவாது. முக்கியமாக, வெப்பமானி மைனஸ் 15 காட்டும் நாளைவிட மைனஸ் 1 காட்டும் நாளில் அதிகம் பயப்படச் சொல்லுங்கள்.

மேம்பாலத்தில் மட்டும் ஏன் வழுக்கியது என்றும் கேட்டிருந்தீர்கள். தரையில் போகும் சாலைக்கு அடியில் மண் இருக்கிறது, பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில் மெல்லக் கொடுக்கும். பாலத்துக்கு அடியிலும் காற்றுதான், மேலேயும் காற்றுதான். இரண்டு பக்கமும் சூடு போகும். கீழே சாலை வெறும் ஈரமாக இருக்கும்போதே மேலே ஐஸ் பிடித்துவிடும். டெக்சஸில் பாலம் தொடங்குமுன் இதை எழுதிய பலகை வைத்திருப்பார்கள். உங்கள் மகன் தினமும் அதைக் கடந்துதான் போயிருப்பான்.