எழுதி வைத்ததை வெளியே எடுக்க முடியுமா?

போனிலும் கணினியிலும் தொலைந்த தரவை மீட்டுத் தருவது என் வேலை. போட்டோ போய்விட்டது என்று வருபவர்களே அதிகம். ஆனால் குறிப்புகளைத் தொலைத்தவர்கள்தான் ரொம்பவும் இடிந்துபோய் வருகிறார்கள். ஒருவர் ஆறு வருடம் ஒரே செயலியில் எழுதியிருந்தார். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. "எல்லாம் கிளவுடில் இருக்கும் சார்" என்றார். பார்த்தால், அவர் லாகின் செய்ததே இல்லை.

அதனால் குறிப்பெழுத எந்த ஆப் நல்லது என்று கேட்பவர்களிடம், எழுதியதை வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள் என்பேன். செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் இருந்தால் மட்டும் போதாது. பத்துக் குறிப்புகளை எடுத்து வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். படங்கள் வந்தனவா? தேதிகள்? பிடிஎஃப் மட்டும் தந்தால் படிக்கலாம், அச்செடுக்கலாம். இன்னொரு செயலிக்கு மாறுவது பெரும்பாடு. சாதாரண டெக்ஸ்ட் அல்லது மார்க்டவுன் (தலைப்பு, பட்டியல் போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் டெக்ஸ்ட்) கோப்பு என்றால் எந்தக் கணினியிலும் திறக்கும். ஒப்சிடியன் என்ற செயலி குறிப்புகளை அப்படித்தான் சேமிக்கிறது.

பெரிய கம்பெனிதானே என்ற தைரியமும் வேண்டாம். கூகுள் நோட்புக் என்ற குறிப்புச் சேவை 2012இல் மூடப்பட்டது. எவர்நோட் செயலி 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள், ஒரே நோட்புக் (குறிப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம்) என்று வரம்பு வைத்தது. (பழையதைப் பறிக்கவில்லை, அந்த வகையில் நியாயம்தான்.)

போனிலும் கணினியிலும் ஒன்றுபோல் சிங்க் ஆகிறதே, தனியாக பேக்கப் எதற்கு என்பார்கள். போனில் தவறி அழித்தால், அதே சிங்க் கணினியிலும் அழித்துவிடும். கூகுள் கீப் செயலி, அழித்த குறிப்பைக் குப்பைத்தொட்டியில் 7 நாள்தான் வைத்திருக்கும்; என்னிடம் வருபவர்களுக்கோ பெரும்பாலும் எட்டாம் நாள்தான் ஞாபகம் வருகிறது.

தமிழில் எழுதுகிறீர்களா? தேடலைச் சோதியுங்கள். 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் (கணினி எழுத்துகளைப் பதியும் பொதுக் குறியீட்டு முறை) ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்காத செயலியில், இருக்கிற குறிப்பே 'இல்லை' என்று வரும். போனில் எழுதி, கணினியில் தேடிப் பாருங்கள்.

அப்புறம் அந்தரங்கம். ஜோப்ளின் போன்ற குறிப்புச் செயலிகளில் முழு மறையாக்கத்தை (என்க்ரிப்ஷன்) இயக்கிக்கொள்ளலாம். சர்வர் வைத்திருப்பவராலும் படிக்க முடியாது. நல்லதுதான். ஆனால் கடவுச்சொல்லை மறந்து, கையிலிருந்த கருவியும் போய்விட்டால், சர்வரில் இருப்பதை யாராலும் திறக்க முடியாது. அப்படி வருபவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.