காய்ச்சலை எண்ணுகிறோமா, கவலையை எண்ணுகிறோமா?

திங்கட்கிழமை ஒருவருக்கு உடம்பு சுடுகிறது. மாத்திரை போட்டுச் சமாளித்துப் பார்த்துவிட்டு வியாழக்கிழமைதான் மருத்துவரிடம் போகிறார். மறுநாள் ரத்தம் எடுக்கிறார்கள். முடிவு வர அடுத்த செவ்வாய் ஆகிறது. அது சுகாதாரத் துறையின் கணினியில் ஏற இன்னும் இரண்டு நாள். நோயில் விழுந்து பத்து நாள் கழித்துத்தான் அவர் கணக்கில் வருகிறார். அவரிடம் தொற்றிக்கொண்டவர்கள் அதற்குள் இன்னும் சிலருக்குப் பரப்பியிருப்பார்கள்.

இந்தத் தாமதம் வரைபடத்தையும் பொய் சொல்ல வைக்கும். நோய் தொடங்கிய தேதிவாரியாகக் கோடு போட்டால், கடைசி சில நாட்களில் கோடு எப்போதும் கீழே இறங்கும். நோய் குறைந்ததால் அல்ல, அந்த நாட்களின் பதிவுகள் இன்னும் வந்து சேராததால். 'அலை ஓய்கிறது' என்ற அவசர அறிவிப்புகளில் சில இப்படிப் பிறந்தவைதான்.

இதைச் சரிசெய்யும் வழி எளிமையானது. பழைய பதிவுகளைப் புரட்டி, ஒருவர் நோயுற்ற ஐந்து நாளுக்குள் அவர் பதிவாகும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் முன்பு நோயுற்றவர்களில் இன்றுவரை 60 பேர் பதிவாகியிருந்தால், உண்மையில் சுமார் 150 பேர் இருக்க வேண்டும். வருங்காலத்தை அல்ல, இன்றைய நிலையைக் கணிக்கிற வேலை இது. தரவு அறிவியல் பொது சுகாதாரத்துக்குச் செய்யும் உதவிகளில் இதையே நான் முதலில் வைப்பேன். ஆரவாரம் இல்லாத வேலை என்பதால் அதிகம் பேசப்படுவதில்லை.

பேசப்பட்டது வேறொன்று. 2008 நவம்பரில் கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் என்ற சேவை வந்தது. மருத்துவரிடம் போகும் முன்பே மக்கள் இணையத்தில் தேடுகிறார்களே, அந்தத் தேடலையே எண்ணினால் என்ன என்பதுதான் யோசனை. அமெரிக்காவில் அடிக்கடி தேடப்பட்ட 5 கோடி சொற்றொடர்களின் ஏற்ற இறக்கத்தை, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் ஃப்ளூ கணக்கோடு ஒப்பிட்டு, நன்றாகப் பொருந்திய 45 சொற்றொடர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சிடிசியின் அறிக்கைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே மதிப்பீடு கிடைத்தது. 2009இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தபோது, மருத்துவமனைக் கணக்கெடுப்புக்கு இனி என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு.

அதே ஆண்டு பன்றிக்காய்ச்சல் என்ற புதுவகை ஃப்ளூ வந்தது. வழக்கமான குளிர்காலத்தில் வராமல் வசந்தத்தில் வந்ததால், கணிப்பு மிகக் குறைத்துக் காட்டியது. சூத்திரத்தைத் திருத்தினார்கள். 2012-13 குளிர்காலத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்து, சிடிசி கண்டதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. 2011 ஆகஸ்டிலிருந்து எண்ணிய 108 வாரங்களில் 100 வாரம் அது மிகைப்படுத்தியிருந்ததை 2014இல் சயின்ஸ் இதழில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2015இல் சேவை நின்றது.

எங்கே தவறியது? 5 கோடி சொற்றொடர்களில் தேடினால், குளிர்காலத்தில் ஏறி கோடையில் இறங்கும் எதுவும் ஃப்ளூவோடு பொருந்தும். பள்ளிக் கூடைப்பந்துப் போட்டி பற்றிய தேடல்கூடப் பொருந்தியது, ஏனென்றால் அந்தப் பருவமும் குளிர்காலம்தான். ஆக, பாதிக் கணிப்பு ஃப்ளூவைப் பார்த்தது, பாதி குளிர்காலத்தைப் பார்த்தது. அடுத்தது, செய்தியில் ஃப்ளூ அடிபட்டால் உடம்பு நன்றாக இருப்பவரும் பயந்து தேடுவார். தேடுபொறியே பயனரின் தேடலுக்குத் தொடர்புடைய சொற்களை எடுத்துக் கொடுத்தால், அதையும் சொடுக்குவார். எண்ணப்பட்டது காய்ச்சல் மட்டுமல்ல, கவலையும்தான். சிடிசியின் இரண்டு வாரப் பழைய எண்களை வைத்து முன்னோக்கிக் கணித்திருந்தாலே இதைவிட நன்றாக வந்திருக்கும். சிடிசி எண்களையும் தேடல் தரவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது இன்னும் நன்றாக வந்தது. மருத்துவரின் அறையில் ஒருவர் உட்கார்ந்து, சுரம் உண்டா, இருமலோ தொண்டைவலியோ உண்டா என்று கேட்டுக் குறித்த அந்த மெதுவான கணக்குதான் தேடல் தரவுக்கே நங்கூரம்.

டிஜிட்டல் தடம் வீண் என்று இதற்குப் பொருளல்ல. எந்தக் கேள்வியை அதனிடம் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கென்யாவில் 2008 ஜூன் முதல் ஓராண்டு, ஏறத்தாழ 1.5 கோடி செல்போன்களின் அழைப்பு, குறுஞ்செய்திப் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். பேச்சு வேண்டாம், எந்தச் செல்போன் கோபுரத்தின் வழியாக அழைப்பு போனது என்பது போதும். நேற்று விக்டோரியா ஏரிக்கரைக் கோபுரம், இன்று தலைநகர் நைரோபிக் கோபுரம் என்றால் ஒரு பயணம். இந்தப் பயணக் கணக்கை, எந்தப் பகுதியில் எவ்வளவு மலேரியா என்ற வரைபடத்தின் மேல் வைத்தார்கள். விக்டோரியா ஏரிப் பகுதியிலிருந்து மலேரியா ஒட்டுண்ணி மனிதர்களின் உடலில் ஏறி நைரோபிக்குப் போவது தெரிந்தது. கொசு அவ்வளவு தூரம் பறக்காது, மனிதர் பேருந்தில் போவார். கொசு மருந்தை எங்கே முதலில் அடிப்பது என்று முடிவெடுப்பவருக்கு இது நேரடியாகப் பயன்படும் அறிவு. இங்கே செல்போன் நோயைக் கண்டறியவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆள் நடமாட்டத்தை மட்டும் சொன்னது. நோயைச் சொன்னது ரத்தப் பரிசோதனை.

இதிலும் ஓட்டை உண்டு. மலேரியாவால் இறப்பவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அவர்களிடம் செல்போன் ஏது? போன் இல்லாத ஏழைகளும், ஒரே போனைப் பகிரும் குடும்பங்களும் தரவில் மங்கிப்போகிறார்கள். ஆபத்து யாருக்கு அதிகமோ, அவரே கணக்கில் விடுபடுவது என்னை மிகவும் உறுத்துகிறது.

போன் வைத்திருப்பவருக்கோ வேறு சிக்கல். பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டால் போதும் என்று நம்பியிருந்தார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 15 லட்சம் பேரின் போன் பதிவுகளில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே நான்கு புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதுமானதாக இருந்தன. அதனால் பொறுப்புள்ள ஆய்வுகளில் தனி ஆளின் தடத்தைப் பெரும்பாலும் கைமாற்றுவதில்லை. இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இன்று இத்தனை பேர் என்ற கூட்டுத்தொகை மட்டுமே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியை விட்டு வெளியே வரும். அந்தத் தொகையும் மிகச் சிறிதாக, இரண்டு பேர், மூன்று பேர் என்று இருந்தால், அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுவார்கள்.