சிப்பி ஓட்டில் இருப்பது அழுக்கு இல்லை

ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் அலமாரிகளைச் சுத்தம் செய்திருந்தார்கள். அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த சிப்பிப் புதைபடிவங்கள், ஏறத்தாழ 7 கோடி ஆண்டு வயது. அவற்றைக் கம்பி பிரஷால் தேய்த்து, நீர்த்த ஆசிட்டில் முக்கி எடுத்து, பளபளவென்று அடுக்கியிருந்தார்கள். அக்கறையோடு செய்த வேலை. குறை சொல்ல மனசு வரவில்லை. அடித்தட்டில் ஒரே ஒரு ஓடு மட்டும் தப்பியிருந்தது. கைலென்ஸில் பார்த்தேன். ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மெல்லிய பொருக்கு. இடியாப்ப அச்சை மணலளவுக்குச் சுருக்கியதுபோல அதில் வரிசை வரிசையாகத் துளைகள். பிரயோசோவா.

பாசி விலங்கு என்றும் சொல்வார்கள். பாசியும் இல்லை, பவளமும் இல்லை. ஒவ்வொரு துளையும் ஒரு பிராணி குடியிருந்த அறையின் வாசல். அந்தப் பிராணி பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் சிறியது. நூற்றுக்கணக்கில் ஒட்டிப் பிறந்து ஒரே குடியிருப்பாகப் படரும். சுமார் 45 கோடி ஆண்டுக்கு முந்தைய ஆர்டோவிசியன் காலப் பாறைகளிலேயே ஏராளமாக இருக்கின்றன. இன்றும் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கின்றன. கூடும் சுண்ணாம்பு, சிப்பியும் சுண்ணாம்பு. ஆசிட்டுக்குப் பேதம் தெரியாது, மெல்லியது முதலில் கரைந்துவிடும்.

இந்தச் சிப்பிகள் வாழ்ந்த காலத்துக்குக் கிரெட்டேசியஸ் என்று பெயர். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் பாறைகளின் பிரயோசோவாக்களை, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் இருந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1872-இலேயே படம் போட்டு விவரித்தார். அன்றைய லென்ஸுக்கு எட்டியதைத்தான் அவரால் வரைய முடிந்தது. இனம் பிரிக்க உதவும் முள் தழும்புகள், நுண்துளைகள் எல்லாம் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே தெளிவாயின. அதனால் பழைய மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாதிரி இருந்தால்தானே பார்ப்பது!

புதைபடிவத்தைக் கழுவும் முன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, லென்ஸில் இரண்டு பக்கமும் பாருங்கள். பொருக்கு தெரிந்தால் கை வைக்க வேண்டாம். மண் மட்டும்தான் என்றால் மெல்லிய தூரிகையும் கொஞ்சம் தண்ணீரும் போதும். மாதிரியின் பதிவு எண்ணை ஓட்டின் வெறும் இடத்தில் எழுதுங்கள், பொருக்கின் மேல் இல்லை.

அப்புறம் மர அலமாரி. ஓக் போன்ற மரங்களிலிருந்து அசிட்டிக் அமில ஆவி வரும். மூடிய இழுப்பறையில் அது சுண்ணாம்புப் பொருளின் மேல் வெள்ளைப் பூவாகப் பூக்கும். 1899-இல் பைன் (Byne) என்பவர் இதைக் கிருமியின் வேலை என்று நினைத்தார். இன்னும் ‘பைன் நோய்’ என்றே பெயர். ஈரக்காற்றில் சீக்கிரம் பரவும். இரும்பு அலமாரி நல்லது.

தப்பிய அந்த ஓட்டின் லேபிளில் ‘சிப்பி’ என்று மட்டும் இருந்தது. அதைக் கிழிக்காமல் கீழே இன்னொரு சீட்டு வைத்தோம்: ‘மேற்புறத்தில் பிரயோசோவா. கழுவக் கூடாது.’