மஜ்ஜைக்குப் போய்ச் சேராத தகவல்

"தங்கைக்கு 26 வயது. இரண்டு வருடமாக பிளேட்லெட் 35,000-ஐத் தாண்டவில்லை. ஸ்டீராய்டு சாப்பிட்டால் ஏறுகிறது, நிறுத்தினால் இறங்கிவிடுகிறது. மண்ணீரலை எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். மாத்திரையே போதும் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

ரத்தம் உறைய உதவும் நுண்ணிய துணுக்குகள்தான் பிளேட்லெட். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை பிளேட்லெட் இருக்க வேண்டும். ஐடிபி என்ற இந்த நோயில் உடம்பின் எதிர்ப்பொருள்கள் சொந்த பிளேட்லெட்டுகள் மீதே ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவற்றை மண்ணீரலில் உள்ள விழுங்கு செல்கள் தின்றுவிடுகின்றன. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது என்பார்கள். குற்றவாளி ரத்தத்தில்தான் இருக்கிறது என்று காட்ட, 1950-ல் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் ஒரு நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் சரிந்தது, வலிப்பும் வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அழிவைத் தடுப்பது ஒரு வழி. ஸ்டீராய்டு சீக்கிரம் வேலை செய்யும், ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை, எலும்பு, தூக்கம் எல்லாவற்றையும் பதம் பார்க்கும். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து எதிர்ப்பொருள் உருவாகும் பாதையில் கைவைக்கிறது. பலருக்குப் பலன் நிலைப்பதில்லை. மண்ணீரலை எடுத்தால் சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு நீண்டகாலப் பலன் உண்டு. ஆனால் சில கிருமிகளுக்கு எதிரான காவல் ஆயுள் முழுக்கக் குறைந்துவிடும். முன்கூட்டியே தடுப்பூசிகள் போட வேண்டும்.

உற்பத்தியைக் கூட்டுவது இன்னொரு வழி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பிளேட்லெட் தயாரிக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் த்ரோம்போபாய்டின் என்ற ஹார்மோனைக் கல்லீரல் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுரந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் எப்போது அதிகம் தயாரிக்க வேண்டும் என்று மஜ்ஜைக்கு எப்படித் தெரியும்? ரத்தத்தில் மிதக்கும் பிளேட்லெட்டுகளே அந்த ஹார்மோனைப் பிடித்து விழுங்கிவிடுகின்றன. அவை நிறைய இருந்தால் மஜ்ஜைக்கு மிஞ்சுவது குறைவு. அவை குறைந்தால் மிச்சம் பெருகும். மஜ்ஜையில் உள்ள பெரிய தாய் செல்கள் பெருகி, நீண்ட கைகளை ரத்தக்குழாய்க்குள் நீட்டும். ஓடும் ரத்தம் அந்தக் கைகளைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு துண்டும் ஒரு பிளேட்லெட். எவ்வளவு எளிமையான கணக்கு!

ஐடிபியில் இந்தக் கணக்குதான் தப்புகிறது. பிளேட்லெட் பிறக்கிறது, ஹார்மோனைக் குடிக்கிறது, குடித்த கையோடு மண்ணீரலில் மாட்டி அதோடு சேர்ந்து அழிகிறது. எனவே பிளேட்லெட் தரைமட்டத்தில் இருந்தாலும் ஹார்மோன் அளவு இயல்பை ஒட்டியே இருக்கிறது. அவசரம் என்ற தகவல் மஜ்ஜைக்குப் போய்ச் சேருவதே இல்லை.

அந்தத் தகவலை மருந்தாகக் கொடுக்கலாமே? முதலில் இயற்கை ஹார்மோனைப் போன்ற ஒன்றைச் செய்து கொடுத்தபோது, சிலருடைய உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்கி, சொந்த ஹார்மோனையும் சேர்த்து முடக்கிவிட்டது. அதனால் அடுத்து வந்த மருந்துகள் ஹார்மோனின் சாயலே இல்லாமல் வடிவமைக்கப்பட்டன. வாரம் ஒரு ஊசியாகப் போடும் ரோமிப்ளோஸ்டிம், தினசரி மாத்திரையான எல்ட்ரோம்போபேக் இரண்டும் 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அந்த மாத்திரையைப் பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அவை அதைக் கவ்விக்கொள்ளும், உடம்பில் சேராது.

த்ரோம்போபாய்டின் என்ற பெயர் 1958-லேயே வைக்கப்பட்டது. அந்தப் பொருள் கையில் சிக்கியது 1994-ல். 36 வருடத் தேடல்! உடனடிப் பலன் கேட்காமல் இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, தங்கை விஷயம். 30,000-க்கு மேல் இருந்து ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். ஒன்றரை லட்சத்தை எட்டுவதற்காக வைத்தியம் செய்வதில்லை, கசிவைத் தடுக்கத்தான். சிகிச்சை தேவைப்பட்டால், ஸ்டீராய்டிலேயே தொங்கிக்கொண்டிருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி என்பேன். புதிய மருந்துகளில் ரத்தம் உறையும் அபாயம் கொஞ்சம் உண்டு, பலர் நீண்டகாலம் தொடர வேண்டியிருக்கும், சிலரால் மட்டுமே நிறுத்த முடிகிறது. இருந்தாலும் வெட்டி எடுத்த மண்ணீரலைத் திரும்ப வைக்க முடியாது. நானாக இருந்தால் அதைக் கடைசிக்கு வைத்திருப்பேன். அவர் கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் இந்தக் கணக்கு மாறும், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கணுக்கால் பக்கம் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் வருகின்றனவா, விரலால் அழுத்தினால் மறையாமல் நிற்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின் வேண்டாம். திடீரென்று கடுமையான தலைவலி வந்தால், போன வாரம் எண்ணிக்கை எவ்வளவு இருந்தது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.