தந்தை இல்லாத ஆண் தேனீ

களக்காட்டிலும் பாபநாசத்திலும் மலையடிவாரத் தோப்புகளில் தேன்பெட்டி வைத்திருப்போர், அடையின் கீழ்விளிம்பில் மற்றவற்றைவிடச் சற்று அகன்ற அறைகளைக் கண்டிருப்பர். மூடியின் நடுவே நுண்ணிய துளை கொண்ட அந்த அறைகளில்தான் இந்தியத் தேனீயின் ஆண்கள் வளர்கின்றன.

இளமையில் பறந்து சென்று பல ஆண்களோடு கூடும் ராணி, அப்போது பெற்ற விந்தணுக்களைத் தன் வயிற்றிலுள்ள ஒரு பையில் நெடுநாள் காத்து வைக்கிறது. முட்டையிடுமுன் முன்னங்கால்களால் அறையின் அகலத்தை அளந்து, சிற்றறை எனில் முட்டையின்மேல் விந்தணுவை விடுகிறது; பேரறை எனில் விடுவதில்லை. கருவுற்ற முட்டை, தாயிடமிருந்து 16, தந்தையிடமிருந்து 16 என 32 குரோமோசோம்களோடு (மரபணுக்களைத் தாங்கும் நுண்ணிழைகள்) பெண்ணாகிறது. கருவுறாத முட்டையோ வெறும் 16 குரோமோசோம்களோடு ஆணாகிறது. ஆண் தேனீக்குத் தந்தை கிடையாது. தாய்வழிப் பாட்டன் மட்டும் உண்டு. இன்றைய போலந்திலுள்ள சிலேசியப் பகுதியின் பாதிரியார் யான் ஜெர்சோன் 1845-இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை என்பதில் வியப்பில்லை.

எல்லாப் பூச்சிகளும் இவ்வாறல்ல. வயல்வரப்பில் தாவும் வெட்டுக்கிளிகளின் பல இனங்களில் பெண்ணுக்கு 24 குரோமோசோம்கள், ஆணுக்கு ஒன்று குறைந்து 23. பட்டுப்புழுவிலோ, முட்டையின் பாலைத் தீர்மானிப்பது தாயின் குரோமோசோமே.

பாதிக் குரோமோசோம்களோடு ஆண் தேனீயின் உடல் எப்படி இயங்குகிறது? ஆண் தேனீயின் பறக்கும் தசை போன்ற திசுக்களில், செல் பிரியாமலேயே உட்கருவிலுள்ள டி.என்.ஏ. மீண்டும் நகலெடுக்கப்பட்டு, பெண்ணின் அளவை எட்டிவிடுகிறது. விந்தணு உருவாகும்போது மட்டும் இந்தப் பெருக்கம் இல்லை. ஏற்கெனவே பாதியாக இருப்பதை மேலும் பாதியாக்க முடியாதாகையால், குரோமோசோம்களைப் பிரிக்கும் முதல் பகுப்பு தொடங்கிய நிலையிலேயே கைவிடப்படுகிறது. ஆகவே ஓர் ஆண் தேனீயின் விந்தணுக்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே அச்சு.

எண்ணிக்கை மட்டுமே பாலை முடிவு செய்வதாகவும் கொள்ள வேண்டாம். 2003-இல் தேனீயில் கண்டறியப்பட்ட ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் வேறுபட்டிருந்தால்தான் பெண் பிறக்கும். ஒன்றுபோல் அமைந்துவிட்டால் 32 குரோமோசோம்கள் இருந்தும் ஆணே உருவாகும். அத்தகைய புழுக்களை வேலைக்காரத் தேனீக்கள் பொரித்த சில மணி நேரத்தில் தின்றுவிடும். ஒரே ராணியின் வழிவந்த சில பெட்டிகளையே பிரித்துப் பிரித்துப் பெருக்கும் தோப்பில், அடையின் புழுக்கள் இடையிடையே வெற்றறைகளோடு சிதறிக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். உறவற்ற கூட்டங்களைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும்போது அந்த வெற்றறைகள் குறைகின்றன.